சர் ரோலண்டு பிபன்

உழுது விதைத்து உழவன் பேணி வளர்த்த கோதுமைப் பயிரைத் துரு நோய் பற்றுமாயின், அவன் ஓராண்டுப் பாடு வீணாதலை நாம் அறிவோம். இப்பகையைப் பயிரின் பிறப்பிலேயே வெல்லலாம் எனக் காட்டிய பெரியார் சர் ரோலண்டு பிபன் ஆவார்.

இவர் 1874-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராயினார். மெண்டல் என்னும் துறவி 1866-இல் வெளியிட்டு, உலகம் மறந்திருந்த பாரம்பரிய விதிகள் 1900-இல் மீண்டும் வெளிப்பட்டன. நோயை எதிர்க்கும் குணமும் அவ்விதிகளுக்கு உட்பட்டதோ என ஆராயப் புகுந்த பிபன், மஞ்சள் துருவுக்கு எளிதில் இரையாகும் கோதுமையையும் அதனை எதிர்க்கும் கோதுமையையும் கலப்புச் செய்தார். முதல் தலைமுறைச் செடிகள் யாவும் நோயுற்றன. பிறராயின் அம்மட்டில் கைவிட்டிருப்பர். இவரோ அவற்றின் மணிகளையே மீண்டும் விதைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நோயின்றி நின்றது! நற்குணம் மறைந்திருந்ததேயன்றி அழிந்திலது. இவ்வுண்மையை 1905-இல் வெளியிட்டார்.

பின்னர், மிக்க விளைவு தரும் ஸ்கொயர்ஹெட்ஸ் மாஸ்டர் என்னும் ஆங்கிலக் கோதுமையைத் துருவுக்கு அஞ்சாத கிர்க்கா என்னும் ருஷியக் கோதுமையோடு கலந்து, லிட்டில் ஜாஸ் என்னும் புதுவகையை 1910-இல் உழவர்க்கு அளித்தார். இலையுதிர் காலத்தில் விதைக்கப்பட்டு, பனியைத் தாங்கி, மறு கோடையில் முற்றும் அப்பயிர் பல்லாண்டுகள் துருவை எதிர்த்து நின்றது.

1912-இல் கேம்பிரிட்ஜில் தோன்றிய பயிர் அபிவிருத்தி நிலையத்திற்குத் தலைவராகிய இவர், 1925-இல் சர் பட்டம் பெற்று, 1949-இல் காலமானார்.

முதல் விளைவில் நன்மை காணாமையால் நாம் மனஞ் சோர்தல் தகாது. மறு விதைப்பையும் செய்து பார்ப்போமாக.