போரின் இரு பக்கங்களையும் வரைந்த தூரிகை

ரஷ்ய இலக்கியம் யாழ்ப்பாணத்து வாசகர்களுக்குப் புதியதன்று. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் மலிவு விலையில் வெளியிட்ட தமிழ் நூல்களின் வழியே டால்ஸ்டாயும் கோர்க்கியும் நமது வீட்டு அலுமாரிகளுக்கு வந்து சேர்ந்தனர். ஆனால், அதே தேசத்தின் ஓவியர்கள் அந்த அளவுக்கு நம்மிடையே அறிமுகமாகவில்லை. அவர்களுள் போரைத் தம் வாழ்நாட் பொருளாகக் கொண்ட வசீலி வெரெஷ்சாகினை, நீண்ட யுத்தத்தைக் கடந்து வந்த நாம் அறிந்திருப்பது அவசியமாகும்.

1842ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ரஷ்யாவின் வடபகுதியிலுள்ள செரெப்போவெத்ஸ் என்னும் ஊரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் வெரெஷ்சாகின் பிறந்தார். சிறு வயதிலேயே இராணுவப் பாடசாலையில் சேர்க்கப்பட்ட அவர், பின்னர் சென்ட் பீட்டர்ஸ்பேர்க் கடற்படைக் கல்லூரியில் பயின்று, 1860இல் தமது வகுப்பில் முதல் மாணவராகத் தேறினார். கடற்படையில் உயர் பதவிகள் அவருக்குக் காத்திருந்தன. அவரோ அவற்றை உதறிவிட்டுச் சித்திரக் கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். கிரேக்க புராணக் காட்சிகளை வரையுமாறு பணிக்கும் அக்கழகத்தின் போதனாமுறை அவருக்கு ஒத்துவரவில்லை. வெள்ளிப் பதக்கம் பெற்ற தமது சித்திரத்தையே அழித்துவிட்டு, முதலில் கோக்கசஸ் மலைநாட்டுக்கும் பின்னர் பாரிஸ் நகருக்கும் சென்றார். பாரிஸில் ஜெரோம் என்னும் புகழ்பெற்ற ஓவியரிடம் பயின்றார்.

1867ஆம் ஆண்டு அவரது வாழ்வின் திருப்புமுனையாக அமைந்தது. மத்திய ஆசியாவின் முஸ்லிம் அரசுகளை ரஷ்யப் பேரரசு ஒவ்வொன்றாகக் கைப்பற்றிக்கொண்டிருந்த காலம் அது. துருக்கிஸ்தானின் ஆளுநராக நியமிக்கப்பட்ட ஜெனரல் கௌஃப்மன், இளம் ஓவியரான வெரெஷ்சாகினைத் தம்முடன் அழைத்துச் சென்றார். 1868 ஜூன் மாதத்தில், பிரதான படை வெளியே சென்றிருந்த வேளையில், சமர்கந்து கோட்டையில் எஞ்சியிருந்த சிறு காவற்படை முற்றுகைக்குள்ளானது. தூரிகையை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்தினார் வெரெஷ்சாகின். அந்தத் தீரத்துக்காக அவருக்குப் புனித ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது.

ஆகவே, அவரைப் போருக்கு அப்பால் நின்ற துறவியாகக் கருதுவதற்கில்லை. அவர் படையெடுத்துச் சென்றவர்களின் பக்கத்தில் இருந்தவர், கொன்றவர், தம் பக்கத்தில் நின்றவர்கள் சாவதைக் கண்டவர். ரஷ்ய ஆட்சி மத்திய ஆசியாவுக்கு நாகரிகத்தைக் கொண்டு செல்கிறது என்ற அக்காலத்து நம்பிக்கையும் அவரிடம் இருந்தது. 1872இல் அவர் வரைந்த ஓவியம் ஒன்று, சமர்கந்து ரெஜிஸ்தான் சதுக்கத்தில் கம்பங்களின் மீது ரஷ்யச் சிப்பாய்களின் தலைகள் நாட்டப்பட்டிருக்க, மக்கள் வெற்றி கொண்டாடுவதைச் சித்திரிக்கிறது. முஸ்லிம் வாசகர் ஒருவர் அதை மனச் சங்கடமின்றிப் பார்க்க இயலாது. தமது மண்ணைக் காக்கப் போரிட்ட மக்களை ஆக்கிரமிப்பாளனின் கண்ணால் பார்த்த சித்திரம் அது.

எனினும் அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. அதே துருக்கிஸ்தான் வரிசையில் மசூதிக் கதவுகளின் மரச் செதுக்கு வேலைப்பாட்டை, ஒவ்வொரு கொடியும் இலையும் தெரியும் வண்ணம் மிகுந்த மரியாதையுடன் வரைந்திருக்கிறார். போரில் இறந்து, எவராலும் புதைக்கப்படாமல் பாலைவெளியில் கிடக்கும் ரஷ்யச் சிப்பாய் ஒருவனையும், அவனைச் சுற்றி வட்டமிடும் பறவைகளையும் வரைந்தார். மறக்கப்பட்டவன் என்பது அந்த ஓவியத்தின் பெயர்.

1874இல் இவ்வோவியங்கள் சென்ட் பீட்டர்ஸ்பேர்க்கில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது தலைநகரம் திரண்டு வந்து பார்த்தது. இராணுவத் தலைமையோ சினங்கொண்டது. ரஷ்யப் படை தன் வீரர்களைக் கைவிடுவதில்லை என்றும், ஓவியர் சொந்த இராணுவத்துக்கு அவதூறு செய்கிறார் என்றும் குற்றஞ்சாட்டப்பட்டது. மனமுடைந்த வெரெஷ்சாகின் மறக்கப்பட்டவன் உட்பட மூன்று ஓவியங்களைத் தம் கையாலேயே எரித்தார். அந்த ஓவியத்தின் தாக்கத்தால் இசைமேதை முசோர்க்ஸ்கி பாடல் ஒன்றை இயற்றினார். தணிக்கையாளர்கள் அதையும் தடுத்தனர். ஏனைய ஓவியங்களை மொஸ்கோ வணிகரும் கலைப் புரவலருமான திரெத்யாக்கோவ் விலைக்கு வாங்கிக் காத்தார். அதே ஆண்டில் கலைக்கழகம் அளிக்க முன்வந்த பேராசிரியர் பட்டத்தை ஏற்க வெரெஷ்சாகின் மறுத்துவிட்டார்.

திரெத்யாக்கோவ் காத்தவற்றுள் தலையாயது, 1871இல் வரையப்பட்ட போரின் மகுடாபிஷேகம் என்னும் ஓவியமாகும். வெயிலில் காய்ந்த வெட்டவெளி, பட்டுப்போன மரங்கள், தொலைவில் இடிந்த நகரம். நடுவே மனித மண்டையோடுகளாலான ஒரு குவியல். அதன் மேல் காகங்கள். சில மண்டையோடுகளில் வாள்வெட்டின் தழும்பும் சன்னம் துளைத்த அடையாளமும் தெரிகின்றன. பேரரசன் தைமூர் தான் வென்ற நகரங்களில் எழுப்பிய தலைக் கோபுரங்கள் பற்றிய வரலாற்றிலிருந்து இந்தக் கற்பனை பிறந்தது. ஆனால் ஓவியர் அதைத் தைமூருடன் முடித்துக்கொள்ளவில்லை. முன்னர் வாழ்ந்த, இப்போது வாழ்கின்ற, இனி வரப்போகின்ற மாபெரும் வெற்றிவீரர்கள் அனைவருக்கும் இதைச் சமர்ப்பிப்பதாகச் சட்டத்தில் பொறித்தார். அந்தப் பட்டியலில் தமது சக்கரவர்த்தியும் அடங்குவார் என்பதை அவர் அறியாதவரல்லர்.

1874இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பம்பாயில் இறங்கி, ஆக்ரா, டெல்லி, சிக்கிம், காஷ்மீர், லடாக் என இரண்டு ஆண்டுகள் சுற்றினார். பிரித்தானியரும் ரஷ்யரும் ஆசியாவில் போட்டியிட்டுக்கொண்டிருந்த அக்காலத்தில் அவர் உளவாளியோ என்ற ஐயமும் அவரைப் பின்தொடர்ந்தது. தாஜ் மஹாலையும் ஆக்ராவின் முத்து மசூதியையும் அவர் வரைந்தார். வேல்ஸ் இளவரசர் 1876இல் ஜெய்ப்பூரில் யானை மீது ஊர்வலம் வந்த காட்சியை அவர் தீட்டிய பிரமாண்டமான ஓவியம் கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் உள்ளது. இந்தியா செல்வோர் அதைக் காணலாம்.

அந்த ஆடம்பர ஊர்வலத்தின் மறுபக்கத்தையும் அவர் வரைந்தார். 1882இல் மீண்டும் இந்தியா சென்று திரும்பிய பின்னர், கிளர்ச்சி செய்த இந்தியர்களைப் பீரங்கி வாய்களில் கட்டிச் சிதறடிக்கும் ஆங்கிலேயரின் தண்டனையை 1884இல் ஓவியமாக்கினார். 1857 எழுச்சியின்போது இத்தண்டனை பரவலாக நிறைவேற்றப்பட்டது. 1872இல் பஞ்சாபின் மலேர்கோட்லாவில் நாம்தாரி சீக்கியர்கள் பலரும் இவ்வாறே கொல்லப்பட்டனர். இந்த ஓவியம் பிரித்தானியரிடையே கடும் அதிருப்தியை உண்டாக்கியது. மூல ஓவியம் இன்று கண்காணாத இடத்தில் உள்ளது, பிரதிகளே எஞ்சியுள்ளன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதிரி நாடான பிரித்தானியாவின் கொடுமையை மட்டும் அவர் வரைந்திருந்தால் ரஷ்ய அரசவை அவரைக் கொண்டாடியிருக்கும். அவரோ அதை மூன்று ஓவியங்களின் தொகுதியில் ஒன்றாகவே அமைத்தார். மற்றொன்று உரோமர்களின் சிலுவைத் தண்டனை. மூன்றாவது, சொந்த ரஷ்யாவில், பனி கொட்டும் பொழுதில், அரச எதிர்ப்பாளர்கள் தூக்கிலிடப்படும் காட்சி. பிறர் வீட்டுக் கொலையையும் தம் வீட்டுக் கொலையையும் ஒரே சுவரில் மாட்டி உலகுக்குக் காட்டினார்.

இதற்கு முன்னரே 1877ஆம் ஆண்டின் ரஷ்ய - துருக்கிப் போர் அவரது குடும்பத்தைத் தாக்கியிருந்தது. தன்யூப் நதியில் படகில் சென்றபோது அவரே படுகாயமடைந்தார். பிளெவ்னா கோட்டை மீதான தாக்குதலில் அவரது தம்பி செர்கேய் கொல்லப்பட்டார். மற்றொரு சகோதரர் காயமுற்றார். பழிவாங்கும் ஓவியங்களை வரைய இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஆனால் அவர் வரைந்தவை வேறு. ஷிப்கா கணவாயில் காவல் நிற்கும் ரஷ்யச் சிப்பாய் மெல்ல மெல்லப் பனியில் புதையுண்டு போவதை மூன்று படங்களில் காட்டினார். புல்வெளியெங்கும் இறந்துகிடக்கும் ரஷ்யர்களுக்காகப் பாதிரியார் ஒருவர் பிரார்த்திப்பதை வரைந்தார். அத்தோடு, சிறைப்பிடிக்கப்பட்டு நடத்திச் செல்லப்பட்ட துருக்கிய முஸ்லிம் வீரர்கள் வழிநெடுகிலும் குளிரில் விறைத்து மடிந்து கிடந்த பாதையையும் வரைந்தார். தம்பியைக் கொன்ற படையின் பிணங்கள் அவை. அந்த ஓவியம் நியூயோர்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

1880களில் வியன்னாவிலும் பேர்லினிலும் அவரது கண்காட்சிகளுக்கு மக்கள் வெள்ளமாக வந்தனர். படைத் தலைமைகளோ தமது சிப்பாய்கள் அவற்றைப் பார்ப்பதை விரும்பவில்லை. பின்னர் அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், கியூபா, ஜப்பான் எனப் பயணம் தொடர்ந்தது. 1904இல் ரஷ்ய - ஜப்பானியப் போர் மூண்டபோது, அறுபத்தொரு வயதில் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். ஏப்ரல் 13ஆம் திகதி போர்ட் ஆர்தர் துறைமுகத்துக்கு வெளியே பெத்ரபாவ்லொவ்ஸ்க் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியது. கடற்படைத் தளபதி மக்காரோவுடனும் அறுநூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளுடனும் வெரெஷ்சாகின் கடலில் மறைந்தார். இளமையில் துறந்த கடற்படையே ஈற்றில் அவரை எடுத்துக்கொண்டது.

இந்த வாழ்க்கை நமக்கு உணர்த்துவது என்ன? போரினால் அழிந்த ஒவ்வொரு சமூகத்திடமும் ஓர் ஓவியக்கூடம் உண்டு. அது நினைவு என்னும் ஓவியக்கூடம். கொக்குவிலில் அந்தச் சுவரில் 1987 ஒக்டோபர் தொங்குகிறது. இந்தியப் படையின் நடவடிக்கையின்போது பிரம்படியிலும், தஞ்சம் புகுந்திருந்த கொக்குவில் இந்துக் கல்லூரியிலும் பொதுமக்கள் மாண்டதை இவ்வூர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 1981இல் எரிந்த நூலகமும் 2009இன் முள்ளிவாய்க்காலும் அதே சுவரில் உள்ளன.

அந்தச் சுவரில் 1990ஆம் ஆண்டுக்கும் இடம் இருக்கிறதா என்பதே கேள்வி. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்டோர் ஏறத்தாழ எழுபதாயிரம் பேர். இவற்றைச் செய்தவர்கள் தமிழர்களின் பெயரால் ஆயுதம் ஏந்திய விடுதலைப் புலிகள். கிழக்கின் தமிழ்க் கிராமங்களில் முஸ்லிம் ஊர்காவற்படையினர் இழைத்த கொலைகளைத் தமிழர் நினைவில் வைத்திருப்பது போலவே, முஸ்லிம்களும் தமது நினைவுச் சுவரில் அவற்றுக்கு ஓர் இடம் தர வேண்டும்.

தனது பிணங்களை மட்டும் எண்ணுவோன் போரை அரைவாசியே அறிந்தவன். மறுபாதி எதிரே நிற்பவனிடம் இருக்கிறது. தாம் சார்ந்த படையின் குற்றத்தையும் தம் சகோதரனைக் கொன்றவர்களின் சாவையும் ஒரே தூரிகையால் வரைந்த அந்த ரஷ்யரை, அவர் நாட்டவர்கள் சிலர் துரோகி என்றே எண்ணினர். இன்று அவர்களின் பெயர்கள் எவர் நினைவிலும் இல்லை. மண்டையோட்டுக் குவியலோ மொஸ்கோவின் திரெத்யாக்கோவ் கலைக்கூடத்தில், இனி வரப்போகும் வெற்றிவீரர்களை எதிர்பார்த்தபடி, இன்னமும் இருக்கிறது.