வெந்நீரூற்றும் ஹூக்கரும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

தாவரவியல் மாணவர்களான நமக்குப் பெந்தம்–ஹூக்கர் என்றால் தேர்வில் தவறாமல் வரும் ஒரு வினா. அந்த ஹூக்கர் மழையிலும் பனியிலும் இமயமலையில் அலைந்து செடி சேர்த்தவர் என்பதை அறிந்தவர் சிலரே.

ஜோசப் டால்டன் ஹூக்கர் 1817-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையும் தாவரவியல் அறிஞரே. மருத்துவம் பயின்ற மகன் 1839-இல் ‘எரபஸ்’ கப்பலில் உதவி மருத்துவராகத் தென்துருவக் கடல்களுக்குச் சென்று, நான்காண்டுகள் கழித்துத் திரும்பினார். 1848-இல் இந்தியா வந்தார்.

1849 மே மாதம் டார்ஜிலிங்கிலிருந்து வட சிக்கிமுக்குப் புறப்பட்டார். மழைக்காலம் முழுவதும் மலையிலேயே கழிந்தது. லாச்சுங் பள்ளத்தாக்கில் யும்தாங் வெந்நீரூற்றைக் கண்டார். ரோடோடெண்ட்ரான் மரங்கள் அடர்ந்த அப்பகுதி இன்று அவற்றுக்கான சரணாலயம். அதற்கும் மேலே, மோமே என்னுமிடத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில் இன்னோர் ஊற்று! பனியாறு ஒரு மைல் தொலைவில்தான். நீரின் வெப்பமோ 110 முதல் 116 பாரன்ஹீட். கல்லும் குளிருமான அவ்விடத்தில் ஊற்றைச் சுற்றி மட்டும் சில செடிகள் பசுமை காட்டி நின்றன.

வெந்நீர் கிடைக்காத செடி என்ன செய்யும்? சிக்கிமில் ஹூக்கர் கண்ட ரியம் நோபிலே தனக்குத் தானே கண்ணாடி வீடு கட்டிக்கொள்கிறது. வெளிர் மஞ்சள் பூவடிச் செதில்கள் கோபுரம்போல் அடுக்கடுக்காகப் பூக்களை மூடியிருக்கும். ஒளி உள்ளே புகும், புற ஊதாக் கதிர் தடுக்கப்படும், உள்ளே கதகதப்பு. இச்செடிக்குப் பெயரிட்டவர்கள் ஹூக்கரும் அவர் நண்பர் தாம்சனும்.

செடிகளைச் சேர்க்க உதவியவர்களும், உலர்த்தும் தாள்களைச் சுமந்தவர்களும் லெப்ச்சா முதலிய மலைமக்கள். புதிய ரோடோடெண்ட்ரான்களுக்கு டல்ஹவுசி சீமாட்டியின் பெயரையும், ஹாட்ஜ்சன் பெயரையும், நம் சென்னை மாகாணத்துத் தாவரங்களை ஆராய்ந்த வைட் பெயரையும் ஹூக்கர் சூட்டினார். சுமந்தவர் பெயர் எதற்கும் கிடைக்கவில்லை. மூட்டை தூக்கும் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் எனக்கு இது உறுத்துகிறது. ஆயினும் லெப்ச்சா மக்களின் திறமையைத் தம் நூலில் அவர் மனமாரப் போற்றியிருக்கிறார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வாண்டு நவம்பரில் சிக்கிம் அரசு, டார்ஜிலிங் அதிகாரி காம்பெல்லையும் ஹூக்கரையும் சிறைப்பிடித்தது. டிசம்பரில் இருவரும் விடுதலையாயினர். ஆனால் இதைக் காரணங்காட்டி 1850-இல் ஆங்கிலேயர் சிக்கிமின் தராய் நிலத்தையே பறித்துக்கொண்டனர். செடி தேடிப் போன பயணம் ஒரு நாட்டின் எல்லையைச் சுருக்கிவிட்டது!

1851-இல் தாயகம் திரும்பிய ஹூக்கர், 1865 முதல் 1885 வரை கியூ தோட்டத்தின் இயக்குநராக இருந்தார். இந்தியத் தாவரங்கள் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1872-இல் தொடங்கி 1897-இல் நிறைவுற்றன. 1911 டிசம்பர் 10-ஆம் நாள், தமது 94-ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர முன்வந்தார்கள். அதை ஏற்காமல், கியூவில் தந்தையின் கல்லறை அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர்.