மூலையா, பட்டறையா?

திருவாலங்காட்டிலே சென்ற கிழமை கூட்டம் முடிந்து, இரயிலுக்காகக் காத்து நின்றோம். தோழர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகே வந்தார். அம்பத்தூர்ப் பட்டறையிலே பிட்டர். விடியற்கால வண்டி ஏறிப் போய், விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிறவர். தங்கைக்கு வயது 26 என்றார். கணவன் இறந்து ஓராண்டு. இடுப்பிலே ஒரு பெண் குழந்தை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவள். தொழிற்சாலையிலே வேலை பழகிக்கொண்டே எஞ்சினீயரிங் பட்டமும் பெறலாம் என்று ஒரு வாய்ப்பு வந்திருக்கிறதாம். கூடாது என்கிறார்களாம் உறவினர். காரணம் இரண்டு. வயது போய்விட்டது, தாலியும் போய்விட்டது!

அனுப்பலாமா என்று அண்ணன் கேட்டார். வண்டி வர அரைமணி இருந்தது. லலிதா அம்மையார் வரலாற்றைச் சொன்னோம். ஒரு தோழருக்குச் சொன்னதை எல்லாத் தோழருக்கும் சொல்வோமே என்று இங்கே எழுதுகிறோம்.

ஆலங்காடு என்றதும் பக்தர்கள் காரைக்கால் அம்மையாரை நினைப்பார்கள். கட்டிய கணவன் விட்டு ஓடி வேறொருத்தியை மணந்துகொண்டான். அவளோ அழகை உதறினாள், தசையை உதறினாள், பேயுருக் கொண்டு இந்த ஆலங்காட்டுக்கு வந்தாள் என்பது புராணம். அந்த அம்மையின் தமிழை நாம் குறை கூறவில்லை. ஆனால் கணவனில்லாத பெண்ணுக்குப் பேயுரு தவிர வேறு உருவம் அந்தக் கதைக்குத் தோன்றவில்லையே, அதைத்தான் எண்ணிப் பார்க்கச் சொல்லுகிறோம்.

லலிதா அம்மையார் 1919 ஆகஸ்டு 27-ல் சென்னையிலே, தெலுங்கு பேசும் வைதீகக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பப்பு சுப்பாராவ், கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரியிலே மின்சாரத் துறைப் பேராசிரியர். ஆண் பிள்ளைகள் எஞ்சினீயர்கள் ஆனார்கள். பெண்ணுக்கு? 15 வயதிலே மாலையும் மணவறையும்! சாரதா சட்டம் 14 என்று கோடு கிழித்திருந்த காலம். 15 என்றால் சட்டமும் வாய் திறக்காது. நல்ல தந்தைதான், ஆனாலும் முதலில் அவரும் ஊரோடு ஒத்துத்தான் போனார். பத்தாம் வகுப்பு வரை படிக்கட்டும் என்று ஏற்பாடு செய்தார், அதுவரையில் மெச்சலாம்.

1937-ல் இடி விழுந்தது. லலிதாவுக்கு 18 வயது. மகள் சியாமளா பிறந்து நான்கே மாதம். கணவர் மாண்டார்.

அந்நாளில் அத்தகைய குடும்பங்களிலே கைம்பெண் என்றால் என்ன பொருள் என்பதை நாம் விளக்க வேண்டுமா? மூலை ஒன்று, முக்காடு ஒன்று, ஒருவேளைச் சோறு, ஓயாத வசவு. மங்கல காரியம் என்றால் மறைந்து நிற்க வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1929-லேயே செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கியது உண்மை. முழக்கம் எல்லா வீட்டுக் கதவுக்குள்ளும் புகுந்துவிடவில்லையே!

லலிதா புகுந்த வீட்டை விட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தார். மறுமணம் வேண்டாமென்பது அவர் முடிவு. படிப்பு வேண்டும் என்பதும் அவர் முடிவுதான். ராணி மேரி கல்லூரியிலே இண்டர்மீடியட், முதல் வகுப்பிலே தேறினார். பிறகு என்ன? டாக்டர் படிப்புக்குப் பெண்கள் அப்போதே போய்க்கொண்டிருந்தனர். ஆனால் நள்ளிரவிலும் அழைப்பு வரும், நோயாளியிடம் ஓட வேண்டும், குழந்தையை என் செய்வது? வேளைக்குப் போய் வேளைக்குத் திரும்பும் தொழில் வேண்டும் அவருக்கு. தந்தையும் அண்ணன்மாரும் நடந்த வழி கண்ணெதிரே இருந்தது. எஞ்சினீயரிங் என்றார்.

கிண்டியிலே அதுவரை ஒரு பெண் படித்ததில்லை. தந்தை முதல்வர் கே. சி. சாக்கோவிடம் பேசினார், கல்வி இலாகாவின் வெள்ளைக்கார இயக்குநரும் ஒப்பினார். கதவு திறந்தது. விடுதியிலே தங்கினார், வாரக் கடைசியிலே குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு ஓடினார். ஆண்கள் நூற்றுக்கணக்கில், பெண் ஒருத்தி. தனிமை வாட்டியது. ஒருவர் நுழைந்தால் போதுமே! சில மாதங்களில் லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்று இருவர் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். அந்தத் திரேசியாதான் பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமை எஞ்சினீயரானவர்.

1943-ல் படிப்பு முடிந்தது. பட்டச் சான்றிதழை அச்சடித்தவர்கள் பெண்ணொருத்தி வருவாள் என்று எண்ணவேயில்லை. ஆணைக் குறிக்கும் ‘ஹி’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்!

ஏட்டுப் படிப்போடு முடியவில்லை. பட்டறைப் பயிற்சியும் பெற வேண்டும். பீகாரிலே ஜமால்பூர், 1862-ல் தொடங்கிய பெரிய இரயில்வே பட்டறை. இரும்பு உருகும் இடம், நெருப்பு சீறும் இடம். கைம்பெண் முகத்தில் விழித்தால் காரியம் கெடும் என்றார்களே, அந்தக் கைம்பெண் அங்கே ஓராண்டு பயிற்சி பெற்றார். ஒரு காரியமும் கெட்டதாகத் தெரியவில்லை!

பிறகு சிம்லாவிலே மத்திய தர நிர்ணய அலுவலகத்தில் எஞ்சினீயரிங் உதவியாளர் வேலை. ஏன் சிம்லா? அங்கே அண்ணன் வீடு இருந்தது, சியாமளாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. இடையிலே இலண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்விலும் தேறினார். சில மாதம் சென்னையில் தந்தையின் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார்; புகையில்லா அடுப்பு, மின்சார இசைக்கருவி என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்தார் பெரியவர். ஆர்வம் இருந்தது, வருவாய் போதவில்லை. 1948-ல் கல்கத்தா, அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி. அங்கும் இன்னொரு அண்ணன் வீடு! மின்சாரத்தைத் தொலைதூரம் சுமந்து செல்லும் கம்பித் தடங்களை வகுப்பது அவர் பணி. சட்லெஜ் ஆற்றிலே எழுந்த பக்ரா அணையின் மின்னாக்கிகளுக்கான வேலையிலும் அவர் கை உண்டு.

1964-ல் நியூயார்க்கிலே பெண் எஞ்சினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு. இந்தியாவிலே பெண் எஞ்சினீயர்களுக்கு அப்போது சங்கம் ஏது? தனி நபராகவே போனார். நூற்றைம்பது ஆண்டு முன்பு பிறந்திருந்தால் கணவனோடு என்னையும் எரித்திருப்பார்கள் என்ற பொருள்பட அங்கே பேசினார். அவையோர் திகைத்திருப்பார்கள், நமக்கென்ன திகைப்பு? 1977-ல் ஓய்வு. 1979 அக்டோபரில், 60 வயதிலே மறைந்தார். மகளை அறிவியல் படிக்க வைத்துவிட்டுத்தான் மறைந்தார்.

இவ்வளவையும் கேட்ட தோழர் ஒன்று சொன்னார். அந்த அம்மாவுக்கு அப்பா புரொபசர், எங்கப்பா கரும்பு வெட்டியவர் என்றார். நியாயமான பேச்சு, நாமும் மறுக்கவில்லை. முதல்வரிடம் பேச ஒரு தந்தை, குழந்தையைத் தாங்க ஊருக்கு ஓர் அண்ணன் வீடு என்று எத்தனை பெண்களுக்கு வாய்க்கும்? வாய்க்காதவர்களுக்காகத்தானே சட்டம்! 1961-ல் தொழிற்பயிற்சிச் சட்டம் வந்தது. 1973-ல் அதைத் திருத்திப் பட்டதாரிகளையும் டிப்ளமா பெற்றவர்களையும் உள்ளே சேர்த்தார்கள். பயிற்சிக் காலத்திலும் உதவித்தொகை உண்டு. தந்தை பேசிப் பெற்ற இடத்தைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்பதை மட்டும் வீட்டிலே யோசித்தாக வேண்டும்.

ஆகவே தோழரை நாம் ஒன்றே ஒன்று கேட்டோம். தங்கை பட்டறைக்குப் போனால் குழந்தை யாரிடம் இருக்கும்? தலையைச் சொறிந்தார். அரக்கோணம் பக்கமிருந்து வண்டியின் விளக்குத் தெரிந்தது. வீட்டுக்காரியிடம் இன்றிரவே கேட்கிறேன் என்றார்.