பதிவேட்டின் முதல் மணமகன்

இவ்வாண்டு சரித்திர வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை தரப்பட்டது. அவரவர் குடும்ப மரத்தை வரைந்து வரவேண்டும். எளிதென்றே எண்ணினோம். ஆனால் தாத்தா, பாட்டி வரை ஓடிய பேனா அதற்கு மேல் நகர மறுத்தது. கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன? வீட்டுக்கு வீடு கேட்டும், எல்லோரும் ஆயா என்றே கூப்பிட்டோம் என்ற பதில்தான் கிடைத்தது.

பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கலாமே என்று சிஸ்டர் வழிகாட்டினார்கள். குழந்தையின் பெயர், தாய் தந்தையர், ஞானப் பெற்றோர், தேதி, குருவானவரின் கையொப்பம் என்று சில வரிகளுக்குள் ஒரு குடும்பமே அடங்கியிருக்கும். இப்படிப் பழைய ஏடுகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் எலிஹு யேல் என்பவர் எங்களுக்கு அறிமுகமானார். சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தின் திருமணப் பதிவேட்டில் முதலில் இடம்பெற்றவர் இவரே. (அது நம் கத்தோலிக்கக் கோவில் அன்று, ஆங்கிலேயர் தங்கள் சபைக்காகக் கட்டியது.)

யேல் 1649 ஏப்ரல் 5-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். மூன்று வயதில் பெற்றோருடன் இங்கிலாந்து சென்றவர், பிறந்த மண்ணை மறுபடி பார்க்கவே இல்லை. 1672-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். 1680 அக்டோபர் 28-ல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. ஒரே வாரத்தில், நவம்பர் 4-ல், ஜோசப் ஹின்மர்ஸ் என்ற அதிகாரியின் விதவை கேத்தரினை அங்கே மணந்தார்.

அவர்களுக்குப் பிறந்த மகனுக்கு டேவிட் என்று பெயரிட்டார்கள். யேலின் தந்தை பெயரும் டேவிட்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் என்றல்லவா நினைத்திருந்தோம்! பாவம், அந்தப் பிள்ளை நான்கு வயது நிறையுமுன் 1688-ல் இறந்தது. தாயின் முதல் கணவர் ஹின்மர்ஸின் கல்லறையிலேயே அதையும் அடக்கம் செய்தார்கள். பின்னாளில் அந்த இடம் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் வந்துவிட்டது. 2023-ல் கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நாளிதழ்களில் அச்சிறுவனைப் பற்றிப் படித்தோம். கேத்தரின் மறு வருடமே மற்றப் பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

யேல் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்தார். அவர் காலத்தில், 1688 செப்டம்பர் 29-ல், சென்னை மாநகராட்சி தொடங்கியது. 2011-ல் நம் அம்பத்தூரும் அதோடு சேர்ந்துகொண்டது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை இனிமையாக முடிந்திருக்கும். ஆனால் 1687-ல் இங்கே கொடிய பஞ்சம். பசியில் மக்கள் விற்கப்பட்டார்கள். ஐரோப்பா நோக்கிப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளையாவது ஏற்றவேண்டும் என்று யேல் அங்கம் வகித்த கோட்டைச் சபை விதித்தது. மறு ஆண்டு அச்சபையே அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது உண்மைதான். அதற்குள் போனவர்கள் போனவர்களே. அவர்களிலும் நான்கு வயதுப் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். டேவிட்டின் பெயரைக் கல்லறை சொல்கிறது. அவர்களுடைய பெயரை எந்தக் கோவில் ஏட்டில் போய்த் தேடுவது? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி வெகு நேரம் பேச்சு நடந்தது.

சொந்த வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தார் என்ற புகார்களுக்கிடையே யேல் பதவி இழந்தார். 1699-ல் இங்கிலாந்து திரும்பினார். 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதி சரக்கும், 417 புத்தகங்களும், அரசர் முதலாம் ஜார்ஜின் படமும் அனுப்பினார். சரக்கு 562 பவுனுக்கு விற்றது. அந்தக் கல்லூரிதான் யேல் பல்கலைக்கழகம்! 1721 ஜூலை 8-ல் அவர் காலமானார். வேல்ஸ் நாட்டு ரெக்ஸமில் அடக்கம் செய்யப்பட்டார். கேத்தரின், ஆன், அர்சுலா என்ற மூன்று பெண்கள் இருந்தார்கள். ஆண் வாரிசு இல்லை.

எங்கள் குடும்ப மரங்கள் இப்போது வகுப்புச் சுவரில் தொங்குகின்றன. பங்குத் தந்தையின் உதவியால் எங்களில் இருவருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் கிடைத்துவிட்டது. மற்றவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம். பூவிருந்தவல்லியில் எங்கள் தோழி ஒருத்தியின் பெரிய பாட்டி இருக்கிறார்களாம், வயது தொண்ணூறு. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போகிறோம்.