நீரோவும் பித்தளை நாணயங்களும்

உரோமைப் பேரரசன் நீரோ, கி.பி. 37ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் இத்தாலியின் கடற்கரை நகரமான அன்டியத்தில் பிறந்தான். இளமையிலேயே தந்தையை இழந்தான். அவன் தாய் அக்ரிப்பினா பேரரசன் கிளாடியசை மணந்து, தன் மகனை அவனுடைய வளர்ப்பு மகனாக்கினாள். கி.பி. 54இல் கிளாடியஸ் இறந்தான். பதினாறு வயதில் நீரோ அரியணை ஏறினான்.

தொடக்கத்தில் அறிஞர் செனேகாவும் படைத்தலைவர் புர்ரசும் அவனுக்கு வழிகாட்டினர். காலப்போக்கில் அவன் நல்லுரை கேட்பதை விட்டான். கி.பி. 59இல் பெற்ற தாயையே கொல்லச் செய்தான். கி.பி. 64இல் உரோமை நகரின் பெரும்பகுதியைத் தீ அழித்தது. எரிந்த நிலத்தில் அவன் தனக்கெனப் பொன் மாளிகை ஒன்றை எழுப்பினான். செலவு பெருகியது, வெள்ளிக் காசின் எடை குறைந்தது. அக்காலத்திலேயே அழகிய பித்தளை நாணயங்களும் மிகுதியாக வெளிவந்தன.

செம்பையும் துத்தநாகக் கனிமத்தையும் கரியுடன் மூடிய கலத்தில் சூடாக்கி உரோமையர் பித்தளை செய்தனர். அதில் செஸ்டர்ஷியஸ், டுபோண்டியஸ் என்னும் இருவகை நாணயங்களை அடித்தனர். செஸ்டர்ஷியஸ் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள பெரிய நாணயம். எளிதில் அடையாளம் காணலாம். டுபோண்டியஸ் அதில் பாதி எடையும் பாதி மதிப்பும் உடையது. அளவில் அது ஆஸ் என்னும் செம்பு நாணயத்தை ஒத்திருக்கும். மண்ணில் நெடுங்காலம் கிடந்தால் இரண்டும் பச்சையாகவோ பழுப்பாகவோ மாறிவிடும். அப்போது அரசனின் தலையை நோக்க வேண்டும். கதிர்கள் நீண்ட முடி இருந்தால், அது பெரும்பாலும் டுபோண்டியஸ். தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. சிவப்புத் தெரிந்தால் செம்பு. கழுத்தின் நுனியில் சிறு உருண்டை காணப்பட்டால், அந்நாணயம் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் அடிக்கப்பட்டது.

நாணயத்தின் மறுபக்கமும் பேசும். ஒன்றில் கப்பல்கள் நிறைந்த ஆஸ்டியா துறைமுகம் காணப்படும். மற்றொன்றில் ஜானுஸ் கோயிலின் கதவுகள் மூடியிருக்கும். எங்கும் போர் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் கி.பி. 66இல் யூதேயா நாட்டில் பெரும்போர் மூண்டது. தாயின் கொலையும் நகரை எரித்த தீயும் எந்த நாணயத்திலும் இல்லை.

கி.பி. 68இல் மாகாணங்களில் கிளர்ச்சி எழுந்தது. ஆட்சி மன்றம் அவனை நாட்டின் பகைவன் என அறிவித்தது. ஜூன் திங்களில், முப்பதாம் வயதில் அவன் தன்னுயிரை மாய்த்துக்கொண்டான். அவனுடைய சிலைகள் பல உடைக்கப்பட்டன. சில வேறு அரசர்களின் முகமாகச் செதுக்கப்பட்டன. நாணயங்களோ எஞ்சின. முற்காலக் காசுகளில் சிறுவனின் முகம். பிற்காலக் காசுகளில் பருத்த கழுத்து. அரசன் காட்ட விரும்பியதையே நாணயம் காட்டும். அவன் மறைத்ததை அறிய வேறு சான்றுகளையும் நாட வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக
1. டுபோண்டியசையும் ஆசையும் வேறுபடுத்திக் காண்பது எவ்வாறு?
2. மூடிய கோயிற் கதவுகள் முழு உண்மையைக் கூறினவா? காரணம் தருக.
3. இன்றைய இந்திய நாணயம் ஒன்றின் இருபக்கங்களையும் உற்றுநோக்கி, ஐந்து தொடர்களில் எழுதுக.