எண்பது வயதில் மறுபடியும் முதல் பாடம்

நம் மாநிலக் கல்லூரியில் படித்து நோபல் பரிசு வாங்கியவர்கள் என்றால் ராமன் பெயர் உடனே வந்துவிடும். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரும் நம்ம காலேஜ்தான் என்பது இன்றைய மாணவர்களில் பல பேருக்குத் தெரிவதில்லை. இங்கே பௌதிகம் படித்தவன், பிறகு வெகுகாலம் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயக்க விதிகளைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சுப்ரமண்யன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே கணக்குத் துறையில் உத்தியோகம். 1918இல் குடும்பம் சென்னைக்கு வந்தது. மயிலாப்பூரில், இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில், 'சந்திர விலாஸ்' அவர்கள் வீடு. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூலில் படித்துவிட்டு, 1925இல் கடற்கரையில் நம் கல்லூரிக்கு வந்தார். அவருக்குக் கணிதத்தில் ஆசை. அப்பா சொன்னதால் பௌதிக ஆனர்ஸ் எடுத்தார். 1929இல், மாணவராக இருக்கும்போதே, லண்டன் ராயல் சொசைட்டி இதழில் அவருடைய கட்டுரை வந்துவிட்டது!

1930 ஜூலை கடைசியில் பம்பாயில் கப்பல் ஏறினார். அம்மா சீதாலட்சுமி அப்போது கடும் நோயில் இருந்தார். இப்சனின் நாடகத்தைத் தமிழில் பெயர்த்த படிப்பாளி அந்த அம்மாள். போகச் சொல்லித் தைரியம் கொடுத்ததும் அவர்தான். அடுத்த ஆண்டே காலமானார். மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அந்தக் கப்பலில் 19 வயதுப் பையன் போட்ட கணக்குதான் உலகப் புகழ் பெற்றது. அடிப்படையில் அது நம்ம விசைப் பாடமே. நட்சத்திரத்தின் எடை உள்ளே அமுக்குகிறது. அழுத்தம் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமானால் நட்சத்திரம் நிற்கும். எரிந்து ஓய்ந்த நட்சத்திரத்தில் தாங்கிப் பிடிப்பது எலெக்ட்ரான்களின் அழுத்தம். எடை கூடக் கூட எலெக்ட்ரான்கள் ஒளி வேகத்தை நெருங்குகின்றன. அதற்கு மேல் வேகம் ஏற வழியில்லை. ஆகவே சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் அழுத்தம் தோற்றுவிடும், ஈர்ப்பு ஜெயித்துவிடும்.

1935 ஜனவரியில் லண்டன் சபையில் இதைச் சொன்னபோது, பெரியவர் எடிங்டன் எழுந்து கேலி செய்தார். பெரிய விஞ்ஞானிகள்கூட வெளிப்படையாகத் துணைக்கு வரவில்லை. சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை. தம் கணக்கைப் புத்தகத்தில் முழுசாக எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்கு நகர்ந்தார். எடிங்டனிடம் நட்பையும் விடவில்லை. 1936இல் நம் கல்லூரியில் உடன் பயின்ற லலிதாவை மணந்து, அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் நிலைத்தார். நோபல் பரிசு வந்தது 1983இல், 73ஆவது வயதில்.

என்னை மிகவும் கவர்ந்தது இதற்குப் பிறகு நடந்தது. எண்பதைத் தாண்டிய அந்த மனிதர் 1687இல் வெளியான நியூட்டனின் 'பிரின்சிபியா'வைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் தாமே நிரூபித்துப் பார்ப்பார். அப்புறம்தான் நியூட்டன் போட்ட வழியைப் படிப்பார். நியூட்டன் வழியே சிறந்தது என்று கண்டு வியப்பார்.

நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற அதே பாடம்தான். மயிலாப்பூரில் தென்னையிலிருந்து விழும் தேங்காய் முதல் வினாடியில் 4.9 மீட்டர் இறங்கும். சந்திரன் பூமியின் மையத்திலிருந்து 60 மடங்கு தூரத்தில் இருப்பதால் ஈர்ப்பு 3600இல் ஒரு பங்கு. அது ஒரு வினாடியில் இறங்குவது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. இரண்டையும் இழுப்பது ஒரே விசை!

அந்த நூல் 1995இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று சந்திரசேகர் மறைந்தார்.

பௌதிக வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதல் பாடம்தானே என்று இயக்க விதிகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விடையைப் பார்க்கும் முன் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். நம் கல்லூரியின் பெரிய மாணவர் கடைசிவரை அப்படித்தான் படித்தார்.