மாணவர் மன்றம் தந்த மாமனிதர் முஹம்மது ஹத்தா

அடிமைப்பட்ட நாடுகள் பலவற்றின் விடுதலை வரலாறு போர்க்களத்தில் மட்டும் எழுதப்பட்டதன்று. பள்ளி விடுதிகளிலும், மாணவர் சங்கங்களின் சிறு கூட்டங்களிலும், சந்தா எழுதிய கணக்கேடுகளிலும் அதன் முதற்பக்கங்கள் எழுதப்பட்டன. இதற்குத் தக்க சான்றாக விளங்குவது இந்தோனேசியாவின் வரலாறு. அந்நாட்டின் முதல் துணைக் குடியரசுத் தலைவராகத் திகழ்ந்த முஹம்மது ஹத்தா அவர்களின் வாழ்வும் அத்தகையதே. தம் இனத்தின் மீது கொண்ட பற்று நாட்டுப்பற்றுக்குத் தடையாகுமா, துணையாகுமா என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கையே விடையாக அமைந்தது.

பிறப்பும் வளர்ப்பும்

மேற்குச் சுமத்திராவின் மலைநகரமாகிய புக்கிட்டிங்கியில் 1902 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் ஹத்தா பிறந்தார். தாய்வழி மரபைப் போற்றும் மினாங்கபாவ் இனத்தவர் அவர். மார்க்க ஞானம் மிக்க குடும்பத்தில் தோன்றிய தந்தையார், மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமானார். பெற்றோர் சூட்டிய பெயர் முஹம்மது அத்தர் என்பதாகும். நறுமணத்தைக் குறிக்கும் அவ்வரபுச் சொல், அவ்வூர் மக்களின் நாவில் ஹத்தா எனத் திரிந்து நிலைத்தது. தாய்வழி உறவினர் வணிகர்கள். தந்தைவழி உறவினர் ஆலிம்கள். கணக்கில் நேர்மையும் வணக்கத்தில் ஒழுங்கும் இளமையிலேயே அவரிடம் வேரூன்றின. டச்சுப் பள்ளியில் பாடம் பயின்ற அவர், மார்க்கக் கல்வியையும் முறையாகக் கற்றார்.

சங்கங்கள் தோன்றிய வரலாறு

ஆயிரக்கணக்கான தீவுகளையும் நூற்றுக்கணக்கான மொழிகளையும் கொண்ட நிலப்பரப்பை அன்று டச்சுக்காரர் ஆண்டு வந்தனர். தம் அலுவலகங்களுக்கு எழுத்தரும், மருத்துவமனைகளுக்கு மருத்துவரும் தேவைப்பட்டமையால், உள்நாட்டு இளைஞருள் சிலருக்குக் கல்வி அளித்தனர். இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியா நகரின் மருத்துவப் பள்ளியில் பல தீவு மாணவரும் ஒரே வகுப்பில் அமர நேர்ந்தது. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்த மாணவன் முதலில் நாடியது தன் மொழி பேசும் தோழனையே. அவ்வாறு கூடியோர் சங்கம் அமைத்தனர். அம்மருத்துவப் பள்ளி மாணவர்கள் 1908 இல் புடி உத்தோமோ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். நம் பழந்தமிழ் நூல்கள் கூறும் சாவகத்தோடு அறிஞர் பலர் இணைத்துக் காணும் ஜாவாவின் மாணவர்கள் 1915 இல் தொடங்கிய சங்கம், 1918 இல் யோங் ஜாவா எனப் பெயர் பெற்றது. 1917 டிசம்பரில் சுமத்திரா இளைஞர் சங்கம் உதித்தது. அம்போன், செலிபஸ், பட்டாக் இளைஞரும் தத்தமக்கெனச் சங்கம் கண்டனர்.

இவை தம் இனத்தின் மொழியையும் கலையையும் வளர்க்கவே எழுந்தவை. ஆயினும் கூட்டம் நடத்தவும், இதழ் வெளியிடவும், தேர்தல் வழித் தலைவரைத் தெரிவு செய்யவும், மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும் அவை இளைஞரைப் பழக்கின. ஆட்சியாளர் தர மறுத்த குடியாட்சிப் பயிற்சியை மாணவர் தாமே தமக்கு அளித்துக்கொண்டனர்.

பொருளாளர் ஹத்தா

சுமத்திரா இளைஞர் சங்கத்தின் பாடாங் நகரக் கிளையில் ஹத்தா ஏற்ற பொறுப்பு பொருளாளர் பொறுப்பாகும். அப்போது அவர் பள்ளி மாணவர். 1919 இல் வணிகக் கல்வி பயிலப் பட்டாவியா சென்றபோது அங்கும் சங்கத்தின் பொருளாளர் ஆனார். மேடை முழக்கத்திற்குக் கிட்டும் கைதட்டல் கணக்கேட்டிற்குக் கிட்டுவதில்லை. ஆனால் சந்தா ஒழுங்காக வாராவிடில் இதழ் வாராது. இதழ் வாராவிடில் சங்கம் இராது. பிறர் பணத்தை அமானிதமாகக் கருதும் பண்பு ஹத்தாவிடம் இக்காலத்தில் உறுதிபெற்றது.

கடல் கடந்த கல்வி

1921 இல் அவர் நெதர்லாந்து சென்று ரோட்டர்டாம் வணிகவியல் உயர்கல்விக் கூடத்தில் சேர்ந்தார். அந்நாட்டில் பயின்ற கிழக்கிந்தியத் தீவு மாணவர்களுக்கென 1908 முதல் ஒரு சங்கம் இருந்தது. தொடக்கத்தில் அது விருந்துக்கும் உரையாடலுக்கும் கூடும் மன்றமாகவே விளங்கியது. ஆனால் அயல்நாட்டில் ஜாவா மாணவரையும் சுமத்திரா மாணவரையும் பிறர் வேறுபடுத்திக் காணவில்லை. ஆளப்படுவோர் என்னும் ஒரே பெயரே அனைவர்க்கும் இருந்தது. அந்நிலை அவர்களை ஒன்றாக்கியது.

ஆட்சியாளர் இட்ட இண்டீஸ் என்னும் பெயரைக் களைந்து, 1922 இல் இந்தோனேசியா என்னும் சொல்லைச் சங்கத்தின் பெயரில் சேர்த்தனர். 1924 இல் அவர்தம் இதழ் இந்தோனேசியா மெர்டெக்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது. மெர்டெக்கா என்பது விடுதலையைக் குறிக்கும் சொல்லாகும். 1925 இல் சங்கத்தின் பெயரே மலாய் மொழிக்கு மாறிப் பெர்ஹிம்புனான் இந்தோனேசியா ஆயிற்று. இங்கும் முதலில் பொருளாளராக இருந்த ஹத்தா, 1926 இல் தலைவரானார். 1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடைபெற்ற ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டில் தம் நாட்டின் குரலை ஒலித்தார். அங்கேதான் ஜவாஹர்லால் நேருவைச் சந்திக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது.

அவ்வாண்டு செப்டம்பரில் ஹத்தாவும் தோழர் மூவரும் கைது செய்யப்பட்டனர். ஐந்து திங்களுக்கு மேல் சிறையில் இருந்த பின்னர், 1928 மார்ச்சில் தி ஹேக் நகர நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். இருபத்தைந்து வயது மாணவராகிய ஹத்தா, மூன்று மணி நேரத்திற்கும் மேலாக வாதுரை நிகழ்த்தி, தற்காப்புக்குரிய மேடையைக் குற்றஞ்சாட்டும் மேடையாக மாற்றினார். நால்வரும் விடுவிக்கப்பட்டனர்.

பெயர் துறந்த பெருமை

ஹத்தா அயல்நாட்டில் இருந்த அதே 1928 இல், அக்டோபர் 27, 28 நாள்களில் இளைஞர் மாநாடு பட்டாவியாவில் கூடியது. இனவாரிச் சங்கங்களின் பேராளர்கள் அங்கு ஒரே தாயகத்தையும் ஒரே நாட்டினத்தையும் ஏற்று, இந்தோனேசிய மொழியை ஒற்றுமை மொழியாகக் கொள்ள உறுதி பூண்டனர். எண்ணிக்கையில் மிக்கவர் ஜாவர். ஆயினும் தம் தாய்மொழியைப் பிறர்மேல் சுமத்த முற்படாமல், தீவுகள்தோறும் வணிகர் வழங்கிய மலாய் மொழியின் வழிவந்த பொதுமொழியை அவர்கள் ஏற்றனர். 1930 இன் இறுதியில் யோங் ஜாவா, சுமத்திரா இளைஞர் சங்கம் முதலியன தம் பெயரைத் துறந்து இந்தோனேசியா மூடா என்னும் பொது அமைப்பில் கலந்தன. இன உணர்வு அழிந்து நாட்டுணர்வு பிறக்கவில்லை. சிற்றோடைகள் ஆற்றில் கலந்தாற்போல ஒன்று மற்றொன்றாக விரிந்தது.

சிறையும் விடுதலையும்

1932 இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய ஹத்தா, மக்களுக்கு அரசியல் கல்வி புகட்டும் கட்சிப் பணியில் ஈடுபட்டார். 1934 பிப்ரவரியில் கைதாகி, மறு ஆண்டு நியூ கினியின் மலேரியாக் காடுகளில் அமைந்த போவன் டிகூல் முகாமுக்கு நாடு கடத்தப்பட்டார். உடன் சென்றவை 16 பெட்டி நூல்கள். அரசுக்கு உழைத்துக் கூலி பெறும் வாய்ப்பை அங்கு அவர் ஏற்க மறுத்தார். 1936 முதல் 1942 வரை பண்டா தீவில் காவலில் இருந்தபோது உள்ளூர்ச் சிறுவர்க்குப் பாடம் கற்பித்தார்.

1945 ஆகஸ்டு 17 அன்று சுகர்ணோவும் ஹத்தாவும் நாட்டு மக்களின் பெயரால் விடுதலையை அறிவித்தனர். அன்று மாலையே ஒரு சோதனை வந்தது. முஸ்லிம்கள் ஷரீஅத்தைக் கடைப்பிடிக்கும் கடமை பற்றி அரசமைப்பு முகவுரையில் இடம்பெற இருந்த தொடர், கிறித்தவர் மிக்க கிழக்குத் தீவுகளைப் பிரிந்துபோகச் செய்யும் என்னும் செய்தி ஹத்தாவை எட்டியது. தொழுகை தவறாத முஸ்லிமாகிய அவர், இஸ்லாமியத் தலைவர்களை அழைத்துக் கலந்து பேசினார். அவர்கள் இசைந்தனர், தொடர் நீக்கப்பட்டது. பெரும்பான்மையினர் சிறுபான்மையினரின் அச்சத்தை மதித்து விட்டுக்கொடுத்த நிகழ்வு அது. அம்முடிவு குறித்த விவாதம் பின்னரும் அந்நாட்டில் தொடர்ந்தது. ஆயினும் அன்று நாடு பிளவுபடாமல் காக்கப்பட்டது.

நாடு விடுதலை பெறும்வரை மணம் புரிவதில்லை என உறுதி கொண்டிருந்த ஹத்தா, 1945 நவம்பரில் தம் 43 ஆம் வயதில் ரஹ்மி அம்மையாரை நிக்காஹ் செய்துகொண்டார். மஹராக அளித்தது கிரேக்கச் சிந்தனை பற்றித் தாம் எழுதிய நூல். 1949 இல் எந்நகரில் மாணவக் கைதியாக நின்றாரோ, அதே தி ஹேக் நகரின் வட்டமேசை மாநாட்டில் தம் நாட்டுக் குழுவின் தலைவராக அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 27 அன்று ஆட்சியுரிமை இந்தோனேசியாவுக்கு முறைப்படி மாற்றப்பட்டது.

பதவி துறந்த பின்

கூட்டுறவு இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட ஹத்தா, சுகர்ணோவோடு கருத்து வேறுபட்டு 1956 டிசம்பர் முதல் நாள் பதவி விலகினார். 1958 இல் அவர் பிறந்த மண்ணாகிய மேற்குச் சுமத்திராவில் நடுவண் அரசுக்கு எதிராக மாற்று அரசு அறிவிக்கப்பட்டது. அதனை எழுப்பியோரின் குறைகள் பலவற்றை அவர் அறிவார். ஆட்சியில் இருந்தோரை அவரும் கண்டித்தார். எனினும் கிளர்ச்சியில் அவர் சேரவில்லை. தம் இனத்தாரின் குறை தீரவேண்டும், நாடும் உடையலாகாது என்பதே அவர் நிலை. சுமத்திரா இளைஞர் சங்கத்தின் பொருளாளராக வாழ்வைத் தொடங்கியவருக்கு இதைவிடக் கடுந்தேர்வு வேறு இருந்திருக்க முடியாது.

விரும்பிய சுவிட்சர்லாந்துக் காலணி ஒன்றின் விளம்பரத் துண்டைப் பல்லாண்டு பாதுகாத்தும், அதை வாங்கப் பணம் சேராமலே அவர் வாழ்ந்து மறைந்தார் என்பர். 1980 மார்ச் 14 அன்று இறையடி சேர்ந்த அவரது உடல், அவர் விருப்பப்படியே தலைவர்க்குரிய வீரர் துயிலிடத்தில் அன்றிப் பொதுமக்கள் அடங்கும் தானா குசிர் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

கல்லூரி மன்றங்களில் செயலராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்கும் மாணவச் செல்வங்கள் அப்பணியைச் சிறிதென எண்ணற்க. சந்தாப் பணத்தில் காட்டும் நாணயமே நாளை நாட்டின் கருவூலத்தில் காட்டும் நாணயமாகும். தன் இனத்தை நேசிப்பவன் பிறர் இனத்தின் அச்சத்தையும் உணரக் கற்றுக்கொண்டால், அவன் நேசம் நாடளவு விரியும். ஹத்தாவின் வாழ்வு நமக்குத் தரும் பாடம் இதுவே.